ஆப்பிரிக்காவில் முதல் வேட்டை: டிராஃபியா, மந்தை மேலாண்மையா?

தென்னாப்பிரிக்காவுக்கு வேட்டையாடச் செல்ல நினைக்கும் புதியவர், எந்த விலங்கு, என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன் ஒன்றைத் தீர்மானித்தாக வேண்டும். கொம்புக்காக ஒரு முதிர்ந்த ஆண் விலங்கைத் தேடிப் போகிறாரா, அல்லது மேய்ச்சல் நிலம் தாங்காத அளவுக்குப் பெருகிவிட்ட மந்தையைக் குறைக்கும் வேலையில் பங்கேற்கிறாரா என்பதே அது. முன்னது டிராஃபி வேட்டை. பின்னது மந்தை மேலாண்மை வேட்டை. இந்த விளக்கம் லிம்போபோ, கிழக்கு கேப் மாகாணங்களின் தனியார் பண்ணைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேட்டையை 1977இல் தடை செய்த கென்யாவுக்கு இது பொருந்தாது. 2014இல் நிறுத்தி 2019இல் மீண்டும் அனுமதித்த போட்ஸ்வானாவின் விதிகளும் வேறு.

படி 1: பண்ணை எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, போதிய வேலி அமைத்துச் சான்றிதழ் பெற்ற நிலத்தில் உள்ள காட்டு விலங்குகளின் உரிமையை நில உரிமையாளருக்கு உறுதி செய்தது. மாடு வளர்த்த பலர் காட்டு விலங்கு வளர்ப்புக்கு மாறியதற்கு இந்த உரிமை ஒரு முக்கியக் காரணம். இன்று ஏறத்தாழ 9,000 பண்ணைகள் உள்ளன. குடு மான் தாண்டாதபடி சுமார் 2.4 மீட்டர் உயரத்துக்கு வேலி போடுகிறார்கள். பெரும்பாலான பண்ணைகளில் வேலிக்குள் சிங்கம் கிடையாது. மழை பொய்த்தால் விலங்குகள் வேறு இடம் தேடிப் போகவும் வழியில்லை. ஆகவே மந்தையைக் குறைக்கும் வேலை மனிதன் தலையில் விழுகிறது.

ஓர் ஆண் பல பெண்களுடன் இணைசேரும் மான் இனங்களில், கிழட்டு ஆண்கள் சிலவற்றைச் சுடுவதால் எண்ணிக்கை குறையாது. அடுத்த ஆண்டு எத்தனை குட்டிகள் பிறக்கும் என்பதைத் தீர்மானிப்பவை பெண் விலங்குகளே. மேலாண்மை வேட்டைப் பட்டியலில் பெண் இம்பாலா மான்களே மிகுதியாக இருப்பதன் காரணம் இதுதான். பெண்ணைச் சுடுவது அறமற்றது என்று தயங்கும் புதியவர்கள், மேய்ச்சல் தீர்ந்த பண்ணையில் மந்தை முழுவதும் மெலிந்து சாவதை எண்ணிப் பார்க்க வேண்டும். அண்டை நாடான நமீபியா, 2024ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் 83 யானைகள் உட்பட 723 விலங்குகளைச் சுட்டு, இறைச்சியை மக்களுக்கு வழங்க முடிவு செய்ததும் இந்தக் கணக்கின் அடிப்படையில்தான்.

படி 2: எதை எதிர்பார்த்துப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்

பாடம் செய்த தலை வீட்டுச் சுவரில் இருக்க வேண்டும் என்றால் டிராஃபி வேட்டைதான் வழி. அதில் பல நாள் நடந்து, கண்ட விலங்குகளை எல்லாம் விட்டுவிட்டு, ஒரே ஒரு முறை சுடுவீர்கள். சுடாமலே திரும்புவதும் உண்டு. மேலாண்மை வேட்டையில் ஒரே நாளில் பலமுறை பதுங்கி நெருங்கவும் சுடவும் வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் கொம்பும் தோலும் பொதுவாக உங்களுக்குச் சேரா. கால்நடை நோய்க் கட்டுப்பாடுகளால் பச்சை இறைச்சியைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இயலாது என்பதால், அது பண்ணையிலேயே தங்கி, பில்டாங் என்ற உப்புக்கண்டமாகவோ கசாப்புக் கடைச் சரக்காகவோ மாறும். முதல் பயணத்துக்கு மேலாண்மை வேட்டையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. கை பழகாதவர் பெருந்தொகை கட்டிய ஒரே விலங்கின் முன் நிற்கும்போது பதற்றத்தில்தான் சுடுவார்.

படி 3: முழுச் செலவையும் கூட்டிப் பாருங்கள்

டிராஃபி வேட்டையில் நாள் கட்டணமும், விலங்குக்கு விலங்கு மாறும் டிராஃபி கட்டணமும் தனித்தனி. கொம்பையும் தோலையும் கிருமி நீக்கிக் கட்டி அனுப்பும் செலவும், பாடம் செய்யும் கூலியும் அதன் பின்னால் வரும். புதியவர்கள் மறப்பது இதைத்தான். மேலாண்மை வேட்டையில் விலங்கு ஒன்றுக்குக் குறைந்த விலையோ மொத்தத் தொகையோ பேசுவார்கள். காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுப் பணம் கட்ட வேண்டும் என்பது இரண்டிலும் வழக்கம்.

படி 4: விலங்கைப் பிரித்தறியப் பழகுங்கள்

பெண் இம்பாலாவுக்குக் கொம்பு இல்லை. ஆனால் இளம் ஆணின் குட்டைக் கொம்பு காதுக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால், தலை திரும்பும் வரை தொலைநோக்கியை இறக்காதீர்கள். ஸ்பிரிங்பாக் மான் இனத்தில் இருபாலுக்கும் கொம்பு உண்டு, பெண்ணின் கொம்பு மெல்லியது. ஜெம்ஸ்பாக் என்ற பெரிய மானில் பெண்ணின் கொம்பே பெரும்பாலும் நீளமானது. நீளத்தை மட்டும் பார்ப்பவர் ஆண் என்று எண்ணிப் பெண்ணைச் சுட்டுவிடுவார்.

டிராஃபி வேட்டையில் நீளத்தைவிட வயதே முக்கியம். காட்டெருமையின் இரு கொம்புகளும் நெற்றியில் சேரும் அடிப்பகுதி, இளம் ஆணிடம் மென்மையாகவும் நடுவில் மயிருடனும் இருக்கும். முதிர்ந்ததில் கருங்கல்போல் இறுகியிருக்கும். அடி இறுகாத ஆணைச் சுடுவது, இனப்பெருக்கம் செய்யவேண்டிய விலங்கை அகற்றுவதாகும்; எத்தனை அங்குலம் அளந்தாலும் அது நல்ல டிராஃபி அன்று.

படி 5: சுடும் முறையைப் பயிலுங்கள்

மேசையில் சாய்ந்து சுட்டுப் பழகிய கை அங்கே உதவாது. நின்றபடி, மூன்று கால் தாங்கியில் ரைஃபிளை வைத்து, 100 மீட்டர் தொலைவில் சுட்டுப் பயிலுங்கள். ஆப்பிரிக்க மான்களின் இதயம் முன்னங்கால்களுக்கு இடையே தாழ்வாக இருப்பதால், பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் முன்னங்கால் நேர்கோட்டில், நெஞ்சின் அடியிலிருந்து உடலின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறி வைக்க வேண்டும். இறைச்சி வீணாகாமல் இருக்கத் தலையிலோ கழுத்திலோ சுடுவது தேர்ந்தவர்களின் வேலை; புதியவர் அதில் இறங்க வேண்டாம். மந்தையில் சுடும்போது, தோட்டா ஊடுருவிப் பின்னால் நிற்கும் இன்னொன்றையும் வீழ்த்தக்கூடும் என்பதால், குறித்த விலங்கு தனித்து நிற்கும் வரை பொறுத்திருங்கள்.

படி 6: முன்பணம் கட்டுமுன் கேள்வி கேளுங்கள்

வெளிநாட்டவர், உரிமம் பெற்ற ஏற்பாட்டாளர் வழியாக, உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரருடன்தான் வேட்டையாட வேண்டும். சொந்த ரைஃபிள் கொண்டுபோனால் அதைத் தற்காலிகமாக நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி கேட்கும் எஸ்.ஏ.பி. 520 என்ற காவல்துறைப் படிவம் தேவை; பண்ணையில் வாடகைக்கு எடுப்பது சுலபம். பாதுகாக்கப்பட்ட இனங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். கூண்டில் வளர்த்த சிங்கத்தைக் காட்டி அழைப்பவரிடம் போகாதீர்கள். அந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2021இலேயே தென்னாப்பிரிக்க அரசு அறிவித்துவிட்டது.

மேலாண்மை வேட்டை என்ற பெயரில், சிறிய கொம்புள்ள இளம் ஆண் விலங்குகளை மலிவு விலையில் தள்ளிவிடும் பண்ணைகளும் உண்டு. கடைசியாக விலங்குகளை எப்போது எண்ணினார்கள், இந்த ஆண்டு எத்தனையைக் குறைக்கப் போகிறார்கள், அவற்றில் பெண் எத்தனை என்று கேளுங்கள். உண்மையிலேயே மேலாண்மை செய்பவர் இதற்கு எண்ணிக்கையோடு பதில் சொல்வார். மே மாத வாக்கில் இணைசேரும் இம்பாலா நவம்பர், டிசம்பரில் ஈனும். ஆகவே பெண் விலங்குகளைச் சுடுவதாக இருந்தால், வயிற்றில் குட்டி வளர்ந்துவிடுவதற்குள், அங்கே ஜூன் வாக்கில் வரும் குளிர்காலத் தொடக்கத்திலேயே நாள் கேட்டு, அந்தத் தேதியையும் விலங்குப் பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.