பழைய பக்கியின் பாகங்களுக்கு வீட்டிலேயே பவுடர் கோட்டிங்

டர்பன் பக்கம் பழைய பக்கியை (பிக்கப் வண்டியை) பிரித்துப் போட்டவர்களுக்கு முதல் எதிரி கடற்காற்று. பெயிண்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்பு உள்ளே புகுந்து துரு கொப்பளிக்கும். பவுடர் கோட்டிங், அதாவது மின்னூட்டிய வண்ணப் பொடியைத் தூவி அடுப்பில் சுட்டு இறுக்கும் பூச்சு, அதைவிட நன்றாகத் தாங்கும். தூவுவது கால் மணி நேர வேலை, அதற்கு முன் சுத்தம் செய்வது ஒரு நாள் வேலை. புதியவர்கள் கோட்டை விடுவது அந்த ஒரு நாளில்தான்.

எவற்றைச் செய்யலாம்

பேட்டரி தட்டு, பிராக்கெட், டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) என்று அடுப்புக்குள் அடங்குபவை மட்டும். ரப்பர் புஷ், பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஷாக் அப்சார்பரைச் சூடாக்கவே கூடாது, வெடிக்கும். அலாய் வீலையும் பிரேக் பாகங்களையும் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

அடுப்பும் பவுடரும்

மின்சார ஓவன் அடுப்பு மட்டுமே. காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பிடிக்கும் என்பதால் கேஸ் அடுப்பு ஆகாது. தூவுவதையும் அடுப்புக்குத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அடுப்பில் பிறகு சமைக்கக் கூடாது. வெளிப் பாகங்களுக்கு பாலியஸ்டர் பவுடர் வாங்குங்கள். எபாக்சி பவுடர் போட்டால் வெயிலில் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெளுத்துவிடும், அது அடிப்பூச்சுக்குத்தான். பாதி கீழே கொட்டினாலும் ஒரு கிலோவில் சுமார் நாலு சதுர மீட்டர் பூசலாம்.

சுத்தம்

பெயிண்ட் ரிமூவரால் பழைய பூச்சை எடுத்து, கார்னெட் மணலால் பிளாஸ்ட் செய்யுங்கள் (காற்றழுத்தத்தில் பீய்ச்சித் தேயுங்கள்). இலவசமாகக் கிடைக்கிறதே என்று கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள்: உப்பு இரும்பைத் தின்னும், சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்னும். பிறகு அசிட்டோனால் துடைத்து, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கோடை ஈரத்தில், பிளாஸ்ட் செய்த இரும்பு ஓரிரு மணி நேரத்திலேயே ஆரஞ்சு நிறம் காட்டும். அதனால் அன்றைக்கே பூசிவிட வேண்டும். இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று உலர்ந்திருக்கும், இந்த வேலைக்குத் தோதான காலம்.

வார்ப்பு அலுமினிய டேப்பெட் கவருக்குத் தனிப் பாடம் உண்டு. பல வருட எஞ்சின் ஆயில் அதன் நுண்துளைகளில் ஊறியிருக்கும். பவுடர் போடாமலே 220 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். பழுப்பு நிறத்தில் வியர்த்தாற்போல் கறை கசியும். துடைத்து, கறை நிற்கும்வரை மறுபடி சுடுங்கள். இதைத் தவிர்த்தால் பூச்சில் ஊசித் துளைகள் விழும்.

மரைகளுக்கு சிலிக்கோன் அடைப்பான், போல்ட் உட்காரும் இடங்களுக்கு சூடு தாங்கும் பாலியஸ்டர் டேப். எர்த் வயர் மாட்டும் இடத்தை மறைக்க மறந்தால், பிறகு லைட் ஏன் மங்குகிறது என்று நாள் முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

தூவுதல்

எர்த் கிளிப்பை, பாகத்தைத் தொங்கவிடும் பூச்சில்லாத கம்பியில் மாட்டுங்கள். போன முறை பூச்சு படிந்த கொக்கியையே பயன்படுத்தினால் மின்சாரம் பாயாது, பவுடர் ஒட்டாமல் உதிரும். கம்ப்ரசரில் நீர் வடிகட்டி அவசியம். பவுடர் தூவும் வீட்டு உபயோக கன்னுக்கு 0.5 பார் அழுத்தமும் 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரமும் போதும். தூசி முகமூடி போடுங்கள். மூலைகளில் மின்புலம் எட்டாது, பவுடர் விளிம்புகளுக்கே ஓடும். எனவே மூலைகளை முதலில் முடியுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள், உலோகம் மினுங்கினால் அங்கே போதவில்லை. அதற்காக அள்ளிக் கொட்டினால் ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரக்கும்.

சுடுதல்

பெரும்பாலான பவுடருக்கு 200 டிகிரி, 10 நிமிடம். டப்பாவில் வேறு போட்டிருந்தால் அதுவே சரி. கணக்கு தொடங்குவது உலோகம் 200ஐ எட்டிய பிறகு. தடித்த பிராக்கெட் அந்தச் சூட்டுக்கு வரவே 20 நிமிடம் பிடிக்கலாம். அகச்சிவப்பு தெர்மாமீட்டரைப் பூச்சின்மேல் காட்டுங்கள். பளபளக்கும் வெற்று உலோகத்தில் அது குறைத்தே காட்டும். நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டு, வந்ததும் முழு நேரத்தையும் மறுபடி எண்ணுங்கள்.

ஆறியதும், மறைவான ஓரத்தில் அசிட்டோன் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். லேசாக மங்கினால் பரவாயில்லை. நிறம் தாராளமாகத் துணியில் இறங்கினால் இன்னும் வேகவில்லை, திரும்ப அடுப்புக்குள் வையுங்கள்.