ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்குகிறீர்களா? எச்ஓஏ விதியும் சிட்டி விதியும் ஒரு வழிகாட்டி

ஹூஸ்டன் மாநகரத்துக்கு சோனிங் சட்டம், அதாவது எந்தப் பகுதியில் எந்த வகைக் கட்டடம் வரலாம் என்று நகரம் வகுக்கும் சட்டம், கிடையாது. 1948, 1962, 1993 என மூன்று முறை வாக்காளர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் வேண்டாம் என்றுதான் முடிவு வந்தது. அமெரிக்காவில் சோனிங் இல்லாத நகரங்களில் மிகப் பெரியது இதுவே. அதைக் கேட்டதும், நம் மனையில் நாம் நினைத்ததைக் கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மற்ற ஊர்களில் சோனிங் பார்க்கும் வேலையில் பெரும்பகுதியை இங்கே டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் பார்க்கிறது. மனை பிரிக்கும்போதே பில்டர் எழுதி, கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) கிளார்க் அலுவலகத்தில் பதிந்துவைத்த கட்டுப்பாடுகள் அவை. வீடு எத்தனை கை மாறினாலும் மனையோடு கூடவே வரும். நீங்கள் படித்தீர்களா, கையெழுத்துப் போட்டீர்களா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. கிளோசிங் (வீடு கைமாறும் இறுதிக் கையெழுத்து) முடிந்த நிமிடத்திலிருந்து உங்களைக் கட்டும்.

முதலில் உங்கள் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சுகர் லேண்ட், பியர்லேண்ட் நகர எல்லைக்குள் என்றால் சோனிங்கும் உண்டு, எச்ஓஏ எனப்படும் வீட்டு உரிமையாளர் சங்கமும் இருக்கலாம். இரண்டுக்கும் கட்டுப்பட வேண்டும். விலாசத்தில் கேட்டி என்றோ சைப்ரஸ் என்றோ இருப்பதால் அந்த வீடு ஒரு நகரத்துக்குள் இருக்கிறது என்று பொருளில்லை. அந்தப் பகுதிகளில் பெரும்பாலான சப்டிவிஷன்கள் (மனைப்பிரிவுகள்) எந்த நகரத்திலும் சேராமல் நேரடியாகக் கவுண்டியின் கீழ் இருக்கின்றன. டெக்சஸில் கவுண்டிகளுக்குப் பொதுவாக சோனிங் அதிகாரம் இல்லை. தண்ணீரும் கழிவுநீரும் பெரும்பாலும் மட் எனப்படும் தனி மாவட்டத்தின் பொறுப்பு, அதற்குத் தனி வரி. ஆக, பக்கத்து மனையில் என்ன வரலாம், உங்கள் வேலி எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதை அங்கே பெரும்பாலும் டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன்தான் தீர்மானிக்கும்.

ஹூஸ்டனின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் கட்டாயச் சந்தா இல்லாத சிவிக் கிளப் (குடியிருப்போர் தாமாகச் சேரும் சங்கம்) மட்டுமே இருக்கும். அங்கே வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: கட்டுப்பாடுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா? பழைய ஆவணங்கள் சில 25 அல்லது 30 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டு, பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகத் தானே நீளும். நீட்டிப்பு வாசகம் இல்லாமல் காலாவதியானவையும் உண்டு. சோனிங்கும் இல்லை, டீட் ரெஸ்ட்ரிக்‌ஷனும் இல்லை என்றால் எதிர் மனையில் மெக்கானிக் ஷெட் வந்தாலும் தடுக்க உங்களிடம் ஆயுதம் கிடையாது. கவுண்டி கிளார்க் இணையதளத்தில் சப்டிவிஷன் பெயரும் செக்‌ஷன் எண்ணும் கொடுத்துத் தேடினால் ஆவணம் கிடைக்கும். ஒரே சப்டிவிஷனில் செக்‌ஷன் 2-க்கு ஒரு விதியும் செக்‌ஷன் 5-க்கு வேறு விதியும் இருப்பது சகஜம் என்பதால் செக்‌ஷன் எண்ணை மறக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

எச்ஓஏ உள்ள வீடு என்றால் ரீசேல் சர்டிஃபிகேட் கேளுங்கள். இதற்கு எச்ஓஏ அதிகபட்சம் 375 டாலர் வாங்கலாம் என்று டெக்சஸ் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. ஆண்டுச் சந்தா எவ்வளவு, விற்பவர் வைத்த பாக்கி, சங்கத்தின் மேல் இருக்கும் வழக்குகள், கையிருப்பு நிதி எல்லாம் அதில் இருக்கும். நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்த வீட்டில் சங்கத்துக்குத் தெரிந்த விதிமீறல்கள் என்ற பகுதியை. முன்னவர் அனுமதி கேட்காமல் போட்ட ஷெட்டுக்கு நீங்கள் வீடு மாறி வந்த பிறகு கடிதம் உங்கள் பெயருக்குத்தான் வரும். சர்டிஃபிகேட்டில் மீறல் எதுவும் இல்லை என்றிருந்தாலும், வீட்டைச் சுற்றி நடந்து பார்த்து, பின்னால் சேர்த்த பேட்டியோ கவர் (முற்றத்துக்கு மேல் போடும் கூரை), அகலப்படுத்திய டிரைவ்வே, கூடுதல் அறை எதற்கெல்லாம் அனுமதிக் கடிதம் இருக்கிறது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் மீறலுக்கு வழக்குப் போட டெக்சஸில் நான்கு ஆண்டு கெடு உண்டு. போன வருடம் போட்ட ஷெட்டுக்கு அது உதவாது.

பழைய ஆவணங்களைப் படிக்கும்போது, இந்த மனையில் இன்ன இனத்தார் குடியிருக்கக் கூடாது என்ற வாசகம் கண்ணில் படலாம். மனதை உறுத்தும். ஆனால் 1948-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இத்தகைய வாசகங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்த்துவிட்டது; 1968-இன் வீட்டுவசதிச் சட்டம் அந்தப் பாகுபாட்டையே தடை செய்தது. அந்த வரிக்கு இன்று எந்தப் பலமும் இல்லை.

அனுமதி விண்ணப்பம்

பெரும்பாலான தகராறுகளுக்கு மூலம் ஒன்றே: சிட்டி பெர்மிட் கிடைத்துவிட்டது, அது போதும் என்று நினைப்பது. காண்ட்ராக்டரும் அப்படித்தான் சொல்வார். சிட்டி பார்ப்பது கட்டடப் பாதுகாப்பு, மின்சாரம், வடிகால். எச்ஓஏ பார்ப்பது நிறம், பொருள், உயரம், இடம். ஒன்று கொடுத்த அனுமதி மற்றொன்றைக் கட்டாது. ஹூஸ்டனில் பெர்மிட் கேட்கும்போதே, இந்த வேலை டீட் ரெஸ்ட்ரிக்‌ஷனை மீறவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். காண்ட்ராக்டர் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் தலைவலி உங்களுக்கே.

வீட்டுக்கு வெளியே தெரியும் எந்த மாற்றத்துக்கும் முதலில் எச்ஓஏவின் ஆர்க்கிடெக்சுரல் கமிட்டியிடம் விண்ணப்பியுங்கள். பெயின்ட், கூரை ஷிங்கிள், வேலி, பேட்டியோ கவர், முன்புறத்தில் பெரிய மரம் நடுவது அல்லது வெட்டுவது எல்லாம் இதில் வரும். பின் முற்றத்துக்கு ஒரு பேட்டியோ கவர் என்று வைத்துக்கொள்வோம். கிளோசிங்கில் கிடைத்த சர்வே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மனையின் ஓரங்களுக்குள் புள்ளிக்கோடுகள் இருக்கும். பி.எல். என்று குறித்த கோடு பில்டிங் லைன். அதைத் தாண்டிக் கட்டடம் வரக் கூடாது. யூ.இ. என்றிருப்பது யூட்டிலிட்டி ஈஸ்மென்ட். மின்கம்பியும் குழாயும் போகும் பட்டை அது, பின் வேலியோரமாக இருப்பதே வழக்கம். அந்தப் பட்டையில் கவரின் தூண் நின்றால் கமிட்டி மறுக்கும். கமிட்டி கவனிக்காமல் விட்டாலும், குழாயைத் தோண்ட வரும் நிறுவனம் தூணைப் பிடுங்கலாம். நஷ்ட ஈடு கேட்க வழியிருக்காது.

சர்வேயின் நகலில் கவரை அளவோடு வரையுங்கள். பக்கவாட்டு வேலிக்கு எத்தனை அடி, பின் வேலிக்கு எத்தனை அடி, உச்சி உயரம் எவ்வளவு என்று எழுதுங்கள். கூரைச் சரிவு, ஷிங்கிளின் நிறுவனமும் நிறமும், தூணின் பொருள், பெயின்ட் பெயர், மழைநீர் எந்தப் பக்கம் வடியும் என்பதையும் சேருங்கள். தண்ணீர் பக்கத்து வீட்டுப் பக்கம் போவதாகத் தெரிந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ‘வீட்டுக்குப் பொருத்தமான நிறம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் விண்ணப்பம் முழுமையில்லை என்று திரும்பி வரும், நாட்கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

கமிட்டிக்கு எத்தனை நாள் கெடு என்பது உங்கள் ஆவணத்தில் இருக்கும். 30 அல்லது 45 நாள் பரவலாகக் காணப்படுவது. கெடு முடிந்தும் பதிலில்லை என்றால் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் படியுங்கள். சில ஆவணங்களில் மௌனம் என்றால் சம்மதம். சிலவற்றில் மௌனம் என்றால் மறுப்பு. இதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவது பெரிய ஆபத்து. மறுத்தால் காரணத்தையும், என்ன மாற்றினால் ஒப்புவார்கள் என்பதையும் விவரமாக எழுத்தில் தர வேண்டும்; 30 நாளுக்குள் நீங்கள் போர்டு (சங்கத்தின் நிர்வாகக் குழு) முன் விசாரணை கேட்கலாம். 40 மனைகளுக்கு மேல் உள்ள சப்டிவிஷனில் போர்டு உறுப்பினரோ அவருடைய துணைவரோ கமிட்டியில் இருக்கவும் கூடாது. பக்கத்து வீட்டு போர்டு உறுப்பினரே விண்ணப்பத்தையும் மேல்முறையீட்டையும் பார்க்கும் நிலை வராமலிருக்க இது நல்ல ஏற்பாடு.

கடிதம் வந்தால்

விதிமீறல் கடிதத்தை விளம்பரத் தபாலோடு சேர்த்து மேசையில் போட்டுவிடாதீர்கள். முதல் கடிதம் பெரும்பாலும் சாதாரண நினைவூட்டல்: குப்பைத் தொட்டி தெருவில் நிற்கிறது, புல் வளர்ந்திருக்கிறது. அன்றே சரிசெய்து, தேதி தெரியும் படத்தோடு, சங்கத்தின் வேலைகளைக் கவனிக்கும் மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அபராதம் போடுவதற்கு முன் சர்ட்டிஃபைட் மெயில் போன்ற, சேர்ந்ததை உறுதி செய்யக்கூடிய வழியில் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும் என்பது டெக்சஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயம். எது மீறல், எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். அறிவிப்பு தபாலில் சேர்க்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் விசாரணை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். ஊருக்குப் போய் ஆறு வாரம் கழித்துத் திரும்புபவர்கள் இந்த உரிமையை இப்படித்தான் இழக்கிறார்கள். போகும் முன் தபாலைப் பார்க்க யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். ஆறு மாதத்துக்குள் அதே மீறல் திரும்ப நடந்தால் சரிசெய்ய மீண்டும் அவகாசம் தர வேண்டியதில்லை.

விசாரணை கேட்டால் 30 நாளுக்குள் நடத்த வேண்டும். தங்கள் கையிலிருக்கும் ஆதாரங்களை 10 நாள் முன்னதாக உங்களுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் 15 நாள் தள்ளிவைப்பு தானாகக் கிடைக்கும். நீங்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். கோபமாகப் பேச வேண்டிய இடமல்ல அது. அனுமதிக் கடிதம், படங்கள், காண்ட்ராக்டர் எப்போது வருவார் என்ற எழுத்து, இவ்வளவு போதும். இத்தனை நாள் அவகாசம் வேண்டும் என்று தேதி குறித்துக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலான போர்டுகள் இணங்கும்.

கோபத்தில் ஆண்டுச் சந்தாவை நிறுத்திவைப்பதைப்போல விபரீதம் வேறில்லை. அபராதத்துக்காக மட்டும் வீட்டை ஏலம் விட முடியாது. ஆனால் சந்தா பாக்கிக்கு நீதிமன்ற உத்தரவு பெற்று ஏலம் விடலாம். வக்கீல் செலவு பாக்கியைவிடப் பெரிதாக வளர்ந்துவிடும். சண்டை எதுவானாலும் சந்தாவைக் கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள். பணமுடை என்றால் தவணை கேளுங்கள். 14 மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் குறைந்தது மூன்று மாதத் தவணைத் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

எச்ஓஏ தடுக்க முடியாதவை

வாசலில் பிள்ளையார் சிலை, தோரணம், வேல் வைக்கத் தயங்குபவர்கள் உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட டெக்சஸ் சட்டப்படி, மனமார்ந்த சமய நம்பிக்கையால் வைப்பதை எச்ஓஏ தடுக்கக் கூடாது. வரம்பும் உண்டு: பொதுப் பூங்காவிலோ சங்கத்தின் நிலத்திலோ வைக்க முடியாது; பில்டிங் லைனையும் ஈஸ்மென்டையும் மீறக் கூடாது. தூண் நிறுத்திய சிறு மண்டபம் கட்டுவதாக இருந்தால் முன்னால் சொன்ன விண்ணப்ப வழியே போங்கள். விளக்குத் தொடர் வேறு கதை. பல சங்கங்களின் பண்டிகை விளக்கு விதி கிறிஸ்துமஸைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. தீபாவளி அக்டோபரிலோ நவம்பரிலோ வந்துவிடும். செப்டம்பரிலேயே போர்டுக்கு எழுதி விதியைத் திருத்தச் சொல்லுங்கள்.

சோலார் பலகையைக் கூரையின் எந்தப் பக்கம் வைப்பது என்று எச்ஓஏ சொல்லலாம். ஆனால் நீங்கள் விரும்பும் பக்கத்தில் ஆண்டு மின் உற்பத்தி 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் என்று கணக்குக் காட்டினால் வற்புறுத்த முடியாது. ஒரு மீட்டர் வரையிலான டிஷ் ஆன்டெனாவுக்கு மத்திய அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி பாதுகாப்புத் தருகிறது.

வீட்டில் நடன வகுப்பு, டியூஷன், சாப்பாடு சப்ளை செய்ய நினைப்பவர்கள் ஆவணத்தின் சொற்களை எழுத்துக்கு எழுத்துப் படிக்க வேண்டும். ‘குடியிருப்புக்கு மட்டும்’ என்ற வாசகம் குறுகிய கால வாடகையைத் தானாகத் தடுக்காது என்று 2018-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வாசகத்தோடு ‘தொழில் நடத்தக் கூடாது’ என்றோ குறைந்தபட்ச வாடகைக் காலம் என்றோ சேர்ந்திருந்தால் நிலைமை மாறும். நடைமுறையில் புகார் வருவது சலங்கைச் சத்தத்தால் அல்ல, தெருவில் வரிசையாக நிற்கும் கார்களால். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கால் மணி இடைவெளி விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சங்கம் செயல்படாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மீறினால், ஹூஸ்டன் நகர எல்லைக்குள் மாநகராட்சியின் சட்டத் துறையிடமே புகார் கொடுக்கலாம். நிலப் பயன்பாடு, பில்டிங் லைன், மனையளவு, கட்டட எண்ணிக்கை போன்றவற்றை அவர்கள் எடுப்பார்கள். வேலி, தோட்டம், குப்பை, சத்தம் அவர்கள் வேலையல்ல. சோனிங் உள்ள நகரங்களில், அருகில் ஓர் இடத்தின் சோனிங்கை மாற்ற யாராவது கேட்டால் 200 அடிக்குள் இருக்கும் உரிமையாளர்களுக்குக் கடிதம் வரும். எதிர்ப்பதானால் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் கொடுங்கள். எழுத்து எதிர்ப்பு போதிய அளவு சேர்ந்தால் கவுன்சிலில் கூடுதல் வாக்கு தேவைப்படலாம்.

விதியே தவறு என்று பட்டால் மாற்றும் வழியும் உண்டு. ஆவணத்தைத் திருத்த 67 சதவீத வாக்கு வேண்டும். உங்கள் ஆவணம் அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுவே போதும். போர்டு இயற்றும் துணை விதிகளுக்கு அவ்வளவு தேவையில்லை, கூட்டத்தில் மாற்றிவிடலாம். வழக்கமான போர்டு கூட்டத்துக்கு 144 மணி நேரம் முன்பாக அறிவிப்பு வர வேண்டும், உறுப்பினர் யாரும் உட்காரலாம். மேனேஜ்மென்ட் கம்பெனியின் போர்ட்டலில் உங்கள் மின்னஞ்சலைப் பதிந்துவைத்தால் அறிவிப்பும் வாக்குச்சீட்டும் நேராக வந்து சேரும்.