இரண்டு ரீசேல் ஃபிளாட்டில் எதை வாங்குவது? கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

வாடகைக்கு விடுவதற்காக முதன்முதலாக ஃபிளாட் வாங்குபவரிடம் புரோக்கர் இரண்டே எண்களைச் சொல்வார்: விலை, வாடகை. அவற்றை மட்டும் வைத்து ஒப்பிட்டால் முடிவு தப்பாகப் போக நிறைய வாய்ப்பு உண்டு. சென்னையில் 900 சதுர அடி ஃபிளாட்டுகள் இரண்டை வைத்துப் பார்ப்போம். விலை, வாடகை எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்தவை.

முதல் வீடு: 5 வருடம் ஆன அடுக்குமாடி, லிஃப்ட் உண்டு. விலை 50 லட்சம், வாடகை 17,000.
இரண்டாம் வீடு: 22 வருடம் ஆன மூன்று மாடிக் கட்டடம். விலை 40 லட்சம், வாடகை 15,000.

வருட வாடகையை விலையால் வகுத்தால் முதல் வீடு 4.1 சதவீதம், இரண்டாவது 4.5 சதவீதம். பழைய வீடுதான் லாபம் என்று தோன்றும். பொறுங்கள்.

படி 1: கையை விட்டுப் போகும் மொத்தப் பணம்

தமிழ்நாட்டில் ரீசேல் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பேசிய விலை, அரசு வழிகாட்டி மதிப்பு (அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த மதிப்பு) இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்ட வேண்டும். புரோக்கர் கமிஷன் 1 சதவீதம் என்று வைப்போம். புதிய வீட்டுக்குப் பெயிண்ட் வேலை 1 லட்சம். பழைய வீட்டில் வயரிங், பாத்ரூம் குழாய் எல்லாம் மாற்ற 4 லட்சம்.

முதல் வீடு: 50 + 4.5 + 0.5 + 1 = 56 லட்சம்.
இரண்டாம் வீடு: 40 + 3.6 + 0.4 + 4 = 48 லட்சம்.

படி 2: கையில் நிற்கும் வாடகை

வருடத்துக்கு 11 மாத வாடகை மட்டும் எழுதுங்கள். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும். சொத்துவரி, சின்னச் சின்ன ரிப்பேர், வீடு காலியாக இருக்கும் மாதத்தின் மெயின்டனன்ஸ் இவற்றைக் கழியுங்கள். முதல் வீட்டுக்கு 19,000, இரண்டாவதுக்கு 21,000 என்று வைத்தால் மிஞ்சுவது 1,68,000, 1,44,000.

இப்போது படி 1-இல் வந்த தொகையால் வகுங்கள். இரண்டுமே சரியாக 3 சதவீதம்! புரோக்கர் சொன்ன வித்தியாசம் காணாமல் போய்விட்டது. வாடகையில் சமம் என்றால், வேறு எதை வைத்து முடிவெடுப்பது?

படி 3: யூடிஎஸ்

என்னைக் கேட்டால் மொத்த ஒப்பீட்டிலும் முக்கியமான இடம் இதுதான். வருடம் போகப் போகக் கட்டடம் தேயும், விலை ஏறுவது பெரும்பாலும் மண்ணுக்குத்தான். யூடிஎஸ் என்பது அந்த மண்ணில் உங்களுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு. அது கிரயப் பத்திரத்தில் சதுர அடியில் எழுதியிருக்கும். விளம்பரத்தில் தேடாதீர்கள், பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

உயரமான கட்டடத்தில் ஒரே மனையைப் பலர் பங்கு போட்டுக்கொள்வதால் முதல் வீட்டுக்கு 300 சதுர அடி, மூன்று மாடியில் சிலரே இருப்பதால் இரண்டாவதுக்கு 500 என்று வைப்போம். இரண்டு தெருவிலும் மனை சதுர அடி 6,000 என்றால், 50 லட்சத்தில் மண் 18 லட்சம்தான். 40 லட்சத்திலோ 30 லட்சம் மண்.

ஆனால் இந்த மண்ணைத் தனியாக விற்க முடியாது. இடித்துக் கட்டும்போதுதான் அதன் முழுப் பலன் கைக்கு வரும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எனவே பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசிப் பாருங்கள். சங்கம் ஒழுங்காக நடக்கிறதா, கோடையில் தண்ணீர் லாரி வருகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படி 4: பத்திரம்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்று (அந்தச் சொத்தின் மேல் நடந்த விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) எடுங்கள். பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் தெரியும். அதனால் மூலப் பத்திரங்களின் ஒரிஜினலையும் கண்ணால் பார்க்க வேண்டும். பழைய வீட்டில் உரிமையாளர் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள், வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வக்கீல் ஒருவரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். இங்கே சிக்கல் இருந்தால் மேலே போட்ட கணக்கு எதற்கும் உதவாது.

படி 5: எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள்?

30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 26,000. முதல் வீட்டு வாடகை போகவும் மாதம் 9,000, இரண்டாவதில் 11,000 கையிலிருந்து போட வேண்டும். வீடு காலியாக இருக்கும் மாதத்தில் முழுத் தவணையும் உங்கள் தலையில்தான். ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைத்த பிறகே இறங்குங்கள்.

பழைய கட்டடத்துக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். நீங்கள் விற்கும்போது உங்களிடம் வாங்க வருபவருக்கும் அதே தொல்லை இருக்கும். ஐந்து வருடத்தில் மகள் படிப்புக்குப் பணம் தேவைப்படும் என்றால் முதல் வீட்டையே எடுப்பேன். பதினைந்து வருடம் தொடாமல் வைக்க முடியும், பத்திரமும் சுத்தம் என்றால் இரண்டாவதுதான்.