லகொனிக்: சொற்செட்டுக்கு ஓர் ஆங்கிலச் சொல்

மாரி மழை ஓய்ந்த ஒரு காலையில், கனகாம்பிகைக்குளத்துப் பக்கமிருந்து வரும் பெரியவரிடம் "அப்பு, குளம் எப்பிடி?" என்று கேட்டால், அவர் நின்று விளக்கம் சொல்லமாட்டார், "வான் பாயுது" என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடப்பார். குளம் நிரம்பிவிட்டது, மிகுதி நீர் வெளியேறுகிறது, கீழ்ப்பக்க வயற்காரர் வரம்பைப் பார்க்க வேண்டும் என்ற மூன்று செய்திகளும் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிடுகின்றன. இத்தகைய பதிலையே ஆங்கிலத்தில் லகொனிக் என்பார்கள். 'கொ' என்ற அசையை அழுத்தியே உச்சரிக்க வேண்டும்.

உயர்தர வகுப்பு மாணவர் பலர் இதனை 'பேசாத' என்று மனனம் செய்து வைத்திருக்கிறார்கள். அது தவறு. பேசாதிருப்பதை இயல்பாகக் கொண்டவரைக் குறிக்க டசிற்றேர்ன் என்ற வேறு சொல் உண்டு. லகொனிக் ஆனவரோ பேசுவார், ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் செலவழிக்கமாட்டார். சுருக்கத்தோடு எரிச்சலும் தொனித்தால் டேர்ஸ் என்பதே பெரும்பாலும் பொருந்தும்.

சொல்லின் பிறப்பை அறிந்தால் பொருள் மறக்காது. பண்டைய கிரேக்கத்தில் ஸ்பார்ட்டா நகரம் அமைந்திருந்த பகுதி லகோனியா. அங்குள்ளவர்கள் சொற்செட்டுக்குப் பெயர்பெற்றவர்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மசிடோனிய மன்னன் இரண்டாம் பிலிப், தான் லகோனியாவுக்குள் நுழைந்தால் அவர்களை அடியோடு அழித்துவிடுவதாக மிரட்டியபோது, அவர்கள் 'இஃப்' என்ற பொருளுடைய ஒரே சொல்லைத் திருப்பி அனுப்பினார்கள் என்பது பழைய கதை. தமிழில் 'ஆல்' வினையோடு ஒட்டியே வருவதால் அதனைத் தனியே பிரித்து அனுப்ப இயலாது. "நுழைந்தால்" என்று முழுச்சொல்லையே எழுத வேண்டியிருக்கும். அதிலும் அந்தக் குத்தல் குறைந்துவிடாது.

பயன்படுத்தும்போது, ஆளுக்கும் பேச்சுக்கும் எழுத்து நடைக்கும் இச்சொல்லை அடையாகச் சேர்க்கலாம்: 'எ லகொனிக் ஃபார்மர்', 'எ லகொனிக் ரிப்ளை', 'எ லகொனிக் ஸ்டைல்'. ஆனால் 'எ லகொனிக் ரிப்ளை இன் ஃபியூ வேர்ட்ஸ்' என்று நீட்டினால் கூறியது கூறலாகும். சுருக்கத்தைச் சொல்லும் சொல்லையே வளர்த்து எழுதுவது எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது. வினையை விளக்க 'லகொனிக்கலி' என்று எழுத வேண்டும். அப்புவின் பதிலை ஆங்கிலத்தில் எழுதுவதானால், 'இட்ஸ் ஸ்பில்லிங், ஹி செட் லகொனிக்கலி' என்பது போதும்.