புகார் எழுதுவதற்கு முன்னால் ஆம்பட்ஸ் அலுவலகத்தில் பேசுவது எப்படி

கைடோடு ஒத்துவரவில்லை, போட்ட மதிப்பெண் நியாயமாகப் படவில்லை, சேர்ந்து எழுதிய கட்டுரையில் உங்கள் பெயர் மூன்றாவது இடத்துக்குப் போய்விட்டது. எழுத்தில் புகார் கொடுக்கலாம்தான், ஆனால் படிப்பு முடியும்வரை அதே முகத்தில் விழிக்க வேண்டுமே என்று தயங்குகிறீர்கள். இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் பல பல்கலைக்கழகங்கள் ஆம்பட்ஸ் அலுவலகம் வைத்திருக்கின்றன, அதாவது எந்தப் பக்கமும் சாயாமல், ரகசியமாகக் குறையைக் கேட்டு வழி சொல்லும் அலுவலகம். அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1967 முதலே இது இருக்கிறது.

அங்கே இருப்பவர் உங்கள் வக்கீல் இல்லை, நிர்வாகத்தின் ஆளும் இல்லை. யாரையும் விசாரிக்க மாட்டார், தீர்ப்பு சொல்ல மாட்டார், மதிப்பெண்ணை மாற்றும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. இதே பெயரில் வேறு வேலை பார்ப்பவர்களும் உண்டு என்பதால் உங்கள் இடத்தில் இருப்பவர் எந்த வகை என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிமுறைப்படி நியமிக்கப்படும் ஆம்பட்ஸ்பெர்சன் முறையான மேல்முறையீட்டைக் கேட்பவர், அது வேறு கதை.

நேரம் வாங்க போன் செய்வது நல்லது. மெயில்தான் வழி என்றால் ‘பேச வேண்டும், எப்போது வரலாம்’ என்பதோடு நிறுத்துங்கள், ஏனென்றால் பல்கலைக்கழக மெயிலில் எழுதுவது எல்லாம் பல்கலைக்கழக சர்வரில்தான் கிடக்கும்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கதையை ஆரம்பிக்காதீர்கள். நான் சொல்வது யாருக்குப் போகும், எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள், குறிப்பு எழுதி வைப்பீர்களா, இந்த மூன்றையும் கேளுங்கள். யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து என்றால் ரகசியம் காக்க மாட்டார்கள், அது பொதுவான விதி. பாலியல் தொல்லை பற்றியது என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம், சில இடங்களில் கேட்டவர் மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கும்.

அப்புறம், அரைப் பக்கத்தில் தேதிவாரியாக நடந்ததை எழுதிக்கொண்டு போங்கள். அதைவிட முக்கியம், என்ன நடந்தால் உங்களுக்குப் போதும் என்று ஒரு வரி. ‘அவர் என்னை மதிப்பதே இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. ‘ஆய்வு வேலை முழுக்க நான் செய்தது, முதல் பெயர் எனக்கு வர வேண்டும், இல்லையென்றால் ஏன் என்று காரணம் தெரிய வேண்டும்’ என்றால் பேச்சு நகரும். கைடிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஆம்பட்ஸோடு ஒத்திகை பார்க்கலாம், எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்கலாம், இரண்டு பேரும் ஒப்புக்கொண்டால் அவரை நடுவில் வைத்தே பேசலாம்.

பெயர் சொல்லாமல் துறைத் தலைவரிடம் பிரச்சினையை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள் என்றும் கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் லேபில் இருப்பதே மூன்று பேர் என்றால் யார் சொன்னது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? சரி என்று தலையாட்டுவதற்கு முன் இதை யோசித்துவிடுங்கள். மேலே சொன்ன விதிவிலக்குகள் தவிர, நீங்கள் சம்மதிக்காமல் ஆம்பட்ஸ் யாரிடமும் போய்ப் பேசக் கூடாது.

பலர் கோட்டை விடுவது தேதியில்தான். ஆம்பட்ஸிடம் சொன்னது பல்கலைக்கழகத்துக்கே தெரிவித்ததாக ஆகாது, மதிப்பெண் மேல்முறையீட்டுக்கான கெடு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். கடைசித் தேதி என்ன என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பேச்சு இழுத்துக்கொண்டே போனால் அதற்குள் முறையான புகாரையும் கொடுத்துவிடுங்கள்.

கைடோடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அன்றைக்கே ‘இன்று பேசியபடி பெயர் வரிசை இப்படி’ என்று அவருக்கு நீங்களே ஒரு மெயில் போடுங்கள். ஆம்பட்ஸ் அலுவலகம் அதற்கெல்லாம் சாட்சி சொல்ல வராது.