அடர் நிற டைல்ஸ் போட்ட குளியலறை: எங்கே தவறு நடக்கிறது?

குளியலறைக்குக் கருநீலமோ கரும்பச்சையோ பூவேலை டைல்ஸோ போட ஆசைப்படுவதில் தவறே இல்லை. வீட்டிலேயே சின்ன அறை அது; துணிந்து நிறம் சேர்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கடையில் காய்ந்து பளபளவென்று நிற்கும் டைல்ஸைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறோமே, அங்கேதான் தவறு. நம் வீட்டில் அது தினமும் நனையும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் பளபளப்பான அடர் நிறத்தை ஷவர் சுவரில் போடாதீர்கள். ஒவ்வொரு துளியும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும். எங்கள் வீட்டில் அந்தச் சுவர் முழுக்கக் கருநீலம். குளித்ததும் துடைக்காமல் விட்ட நாளெல்லாம் சாம்பல் பூத்தது போல ஆகிவிடுகிறது. வாங்கும் முன் ஒரே ஒரு டைலை எடுத்து வந்து, உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெளித்து, துடைக்காமல் நான்கு நாள் காயவிட்டுப் பாருங்கள். கறை தெரிந்தால் அடர் நிறத்தை வாஷ்பேசின் பக்கமோ, கதவைத் திறந்ததும் எதிரே தெரியும் சுவருக்கோ கொண்டுபோங்கள். ஷவர் பக்கம் வெளிர் நிறமே போதும்.

செட்டிநாட்டு ஆத்தங்குடி டைல்ஸ் மேல் எனக்கும் கொள்ளைப் பிரியம். ஆனால் அது சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடி மேல் அச்சு வைத்து, நிறக் கலவை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டுக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஈரத்தை உறிஞ்சும். கழிப்பறை ஆசிட் பட்டால் மேல்பூச்சு அரித்துப் போகும். ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் உள்ள வீட்டில் அதைக் குளியலறைக்கு வெளியே, கை கழுவும் இடத்தில் போடுவதே நல்லது.

கடைகளில் டார்க், லைட், டிசைன் உள்ள ஹைலைட்டர் என்று செட்டாகக் காட்டுவார்கள். மூன்றையும் போட்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஐந்துக்கு ஏழு அடி அறையில் நான்கு சுவரிலும் டிசைன் ஓடினால் கண் எங்கும் நிற்காது. ஒரு சுவர் போதும்.

ஒட்டும் முன் கொத்தனாரிடம் டைல்ஸைத் தரையில் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். மூலையிலிருந்து ஆரம்பித்தால் மறுமுனையில் பாதிப் பூ வெட்டுப்பட்டு நிற்கும். நடுவிலிருந்து பிரித்தால் இரண்டு பக்கமும் சமமாக வரும். குழாய் ஓட்டை எந்தப் பூவின் மேல் விழுகிறது என்றும் அப்போதே தெரிந்துவிடும். பெட்டிகளில் பேட்ச் எண் (தயாரிப்புத் தொகுதியின் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மாடல்தான் என்றாலும் பேட்ச் மாறினால் நிறம் சற்று மாறலாம். 10 சதவீதம் கூடுதலாக வாங்கி, மிஞ்சியதைப் பத்திரப்படுத்துங்கள். அதே டிசைன் பிறகு கிடைக்காமல் போகலாம்.

இணைப்புகளுக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டாம், பழுப்பாகிவிடும். டைலின் நிறத்துக்கு ஒத்த எபாக்ஸி கிரவுட் (இணைப்பை நிரப்பும் பிசின் கலவை) விலை கூடுதல்தான், ஆனால் கறை பிடிப்பது குறைவு.

தரை விஷயத்தில் மட்டும் அழகை இரண்டாவதாக வையுங்கள். பளபளப்பில்லாத மேட் டைல்ஸ், ஒரு அடிக்கு ஒரு அடி அளவு. அப்போதுதான் வாட்டம் சரியாக வந்து தண்ணீர் தேங்காமல் ஓடும். பெட்டி அடுக்கியது போலவோ படி போலவோ தெரியும் முப்பரிமாண டிசைன் தரையில் வேண்டவே வேண்டாம். பார்வை மங்கிய பெரியவர்கள் அதை மேடு பள்ளம் என்று நினைத்துத் தயங்கிக் கால் வைப்பார்கள். சுவர் ஒரு நிறம், தரை வேறு நிறம் என்று தெளிவாகப் பிரித்தால், தரை எங்கே முடிகிறது என்று அவர்களுக்குச் சட்டென்று தெரியும்.