திரை செத்துவிட்டது என்று எறியும் முன்

போன மாதம் மட்டக்களப்பு, கல்லடியில் பக்கத்து வீட்டுத் தம்பி ஆர்டுயினோ மாதிரிச் சின்னக் கணினிப் பலகைகளோடு இணைக்கும் ஒரு சின்ன ஓலெட் திரையைக் கொண்டுவந்து, "அண்ணே, இது செத்துப் போச்சு" என்று நீட்டினான். திருப்பிப் பார்த்தேன். நான்கு பின்களும் பலகைத் துளைகளில் சும்மா செருகி நின்றன, ஈயமே வைக்கவில்லை. விரலால் சாய்த்துப் பிடித்தால் எழுத்து வந்தது, விட்டால் போனது. நாலு சொட்டு ஈயம், பத்து நிமிட வேலை. கொழும்பிலிருந்து பார்சலில் வரவழைத்த சாமான் குப்பைக்குப் போக இருந்தது.

பின் வரிசையில் விடும் பிழை இதைவிட மோசம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 0.96 அங்குலத் திரைகளில் சிலவற்றில் ஜிஎன்டி (மைனஸ்) முதலில் இருக்கும், சிலவற்றில் விசிசி (பிளஸ்). யாரோ போட்ட படத்தைப் பார்த்து வயர் கொடுத்தால் பிளஸும் மைனஸும் மாறி, திரை சூடாகி உண்மையிலேயே செத்துவிடும். பலகையில் அச்சடித்திருப்பதை வாசித்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மற்ற இரண்டும் தரவு போகும் எஸ்டிஏ, அதற்குத் தாளம் கொடுக்கும் எஸ்சிஎல். இந்த வயர்கள் ஆர்டுயினோ ஊனோ பலகையில் ஏ4, ஏ5 பின்களுக்குப் போகும். ஈஎஸ்பி32 பலகையில் வழக்கமாக 21, 22.

பலரை மினக்கெடுத்துவது முகவரி, அதாவது பலகை திரையை அழைக்கும் எண். திரையின் பின்பக்கம் 0எக்ஸ்78 என்று போட்டிருக்கும். அதையே நிரலில் எழுதினால் திரை கறுப்பாகவே கிடக்கும். அந்த எண்ணில், படிப்பதா எழுதுவதா என்று சொல்லும் கடைசி பிட்டும் சேர்ந்திருக்கிறது. ஆர்டுயினோ அதை விட்டுவிட்டுத்தான் எண்ணும். ஆகவே பாதியாக்கி 0எக்ஸ்3சி என்று கொடுக்க வேண்டும் (0எக்ஸ் என்று தொடங்குவது பதினாறின் அடியிலான எண், அதனால் பாதி 39 அல்ல). சந்தேகமென்றால் முதலில் இந்த இரண்டு வயர் இணைப்பில் (ஐ2சி) என்ன இருக்கிறது என்று தேடும் ஐ2சி ஸ்கேனர் நிரலை ஓட்டுங்கள், முகவரியை அதுவே சொல்லிவிடும். ஐ2சி பலகை ஒட்டிய 16க்கு 2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி) என்றால் பெரும்பாலும் 0எக்ஸ்27 அல்லது 0எக்ஸ்3எஃப். வெளிச்சம் மட்டும் வந்து எழுத்து வராவிட்டால், பின்னால் உள்ள நீலப் பெட்டியின் திருகை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.

வயர் எல்லாம் சரி, முகவரியும் சரி, ஆனாலும் திரை எரியவில்லையா? அப்போது ஊனோவின் நினைவகத்தைப் பாருங்கள். திரை 128க்கு 64 என்றால் 8192 புள்ளிகள், புள்ளிக்கு ஒரு பிட், அதாவது 1024 பைட். ஊனோவிடம் இருப்பதே 2048 பைட் ரேம். பாதி அங்கேயே போய்விட்டது. திரையை ஓட்டப் பலரும் போடும் ஆயத்த நிரல் தொகுப்பான அடாஃப்ரூட் நூலகம் அந்த இடத்தை நிரல் ஓடும்போதுதான் கேட்கும். அதனால் கம்பைல் செய்யும்போது ரேமில் 60 வீதம்தான் போனது என்று காட்டினாலும் உண்மையில் இடம் போதாது. நீளமான வாசகங்களை, ரேமுக்குப் பதிலாக நிரல் நினைவகத்திலேயே வைக்கும் எஃப் மேக்ரோவுக்குள் போட்டால் ரேம் மிச்சமாகும். அப்புறம், எழுதியதைத் திரைக்கு அனுப்பும் டிஸ்பிளே கட்டளையைக் கடைசியில் போட்டீர்களா என்றும் பாருங்கள்.

1.3 அங்குலத் திரை வாங்கியவர்கள் சிப்பின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் எஸ்எச்1106. 0.96 அங்குலத் திரைகளில் வழக்கமாக வரும் எஸ்எஸ்டி1306 சிப்பின் நூலகத்தைப் போட்டால் படம் குழம்பிவிடும்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி. உப்புக் காற்றில் ஜம்பர் வயரின் முனை மெல்லக் கறுத்து, தொடர்பு விட்டுவிட்டு வரும். கல்முனை, ஒலுவில் பக்கத்திலும் இதே கதைதான். சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தை எறியாமல், வயர்களோடு சேர்த்து மூடி இறுகிய டப்பாவில் போட்டு வையுங்கள்.